ஊதாத விசில்

6

இன்ஸ்பெக்டரம்மாவின் அலுவலகம் ஒரு காலத்தில் பல் ஆஸ்பத்திரியாக இருந்தது. டாக்டர் காலி செய்தபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்; தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருந்த சாய்வு நாற்காலியை மட்டும் கழற்ற முடியவில்லை. வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும்.

"கூச்சப்படாம சாஞ்சுக்கோ தங்கச்சி," என்றார் அவருடைய உதவியாளர் ஜெராக்ஸ். "வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல இதைவிடத் தோதான நாற்காலி ஊர்லயே கிடையாது. பொய் சொன்னா மேடம் பல்லைப் பிடுங்கிடுவாங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். ஏழு வாரமாகப் பழக்கமில்லாத காரியம். உதடு பாதி வழியில் நின்றுவிட்டது.

ஏழு வாரத்துக்கு முன்னால், பெயின்ட் கிடங்கு ஒன்றில் பிடித்த தீயை அணைக்கப் போன அவள் கணவன் திரும்பி வரவில்லை. முதுகில் சிலிண்டர், முகத்தில் மூடி, உள்ளே இருபத்தைந்து நிமிடத்துக்கான காற்று. காற்று தீரப்போகிறது என்றால் மூச்சுக் கருவியில் இருக்கும் விசில் தானாக ஊதும். ஊதியவுடன் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். துறையின் அறிக்கையோ இரண்டே வரி. விசில் ஊதியும் வீரர் வெளியேறவில்லை. மரணத்துக்கு அவரது சொந்த அலட்சியமே காரணம். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி அதன் கீழே கையெழுத்துப் போடப் போகிறார். போட்டுவிட்டால் போட்டதுதான். அவள் கணவன் பெயருக்குப் பக்கத்தில் 'அலட்சியம்' என்ற அந்த ஒரு சொல் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

"அலட்சியமா?" என்று முதல் நாளே இன்ஸ்பெக்டரம்மாவிடம் அவள் வெடித்திருந்தாள். "குக்கர்ல மூணாவது விசில் வந்தா, குளிச்சிக்கிட்டிருந்தாலும் சோப்பு நுரையோட ஓடி வந்து அடுப்பை அணைக்கிற மனுஷன்மா அவர். அவர் காதுல விசில் விழுந்து, அவர் நின்னுக்கிட்டு இருந்தாரா?"

இன்ஸ்பெக்டரம்மா போலீஸ் இல்லை. இருபத்திரண்டு வருடம் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்தவர். ஆலை, சுரங்கம், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ விபத்துகளின் வாசலில் நின்று, 'விதி' என்று மற்றவர்கள் சொன்ன இடத்தில் தளர்ந்த ஒரு திருகாணியைக் காட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு அதே வேலையை முத்திரை இல்லாமல் செய்தார். ஜெராக்ஸ், தொழிலாளர் நீதிமன்றத்துக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருந்தவர். கடை படுத்துவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

"கேட்டதைக் கொண்டுவந்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அவள் பைக்குள்ளிருந்து சமையலறை நாள்காட்டியை எடுத்தாள். துறை, பணிப்பட்டியலைத் தர மறுத்துவிட்டது. அதனால் கணவர் வேலைக்குப் போன நாளும் வீட்டில் இருந்த நாளும் எதிலாவது எழுதியிருந்தால் எடுத்து வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டரம்மா. ஓய்வு நாட்களைக் கணவர் தானே சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பார். ஆறு நாளுக்கு ஒன்று. சில வட்டங்களுக்குள் குட்டியாக எழுத்து: 'குழாய் ரிப்பேர்', 'பாப்பாவுக்கு ஷூ', 'சும்மா இருக்கணும்'.

"இன்னிக்கு ஒரே ஒரு வேலை," என்று இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். "மூச்சுக் கருவிகளை தினமும் காலையில சோதிச்சு ஒரு பதிவேட்டுல கையெழுத்துப் போடுவாங்க. வேலையில செத்தவரோட குடும்பம் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம், நகலும் எடுக்கலாம். சட்டத்துல இருக்கு."

"தீயணைப்புக்காரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு சொல்றாங்களேம்மா? ஆபத்துன்னு தெரிஞ்சுதானே வேலைக்கு வந்தீங்கன்னு..."

"சொல்லுவாங்க. எங்கிட்டயும் சொல்லட்டும்."

"மேடம் அந்தக் குரல்ல பேசினா நான் வண்டியை எடுத்துடணும்," என்று சாவியைத் தேடினார் ஜெராக்ஸ்.

*

தீயணைப்பு நிலையத்தின் முன்கட்டில் சிவப்பு வண்டி துடைத்து வைத்த பொம்மை மாதிரி நின்றது. அதன் நிழலில் அவள் தம்பி ஈரக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அங்கே வேலை வாங்கித் தந்தது அவள் கணவன்தான். அதனால் நிலையம் முழுக்க அவனை 'மச்சினன்' என்றே கூப்பிட்டார்கள். அக்காளைப் பார்த்ததும் குனிந்த தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான். சாவு வீட்டில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தவன், அந்த நாளைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

நிலைய அதிகாரி நரைத்த மீசைக்காரர். அவளுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பதிவேட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"பாருங்கம்மா. தாராளமாப் பாருங்க. நகல் எடுக்கிறதுதான் கஷ்டம். மெஷின் ரெண்டு வாரமா ரிப்பேர்."

ஜெராக்ஸ் மூலையிலிருந்த இயந்திரத்தின் அருகே போனார். பக்கக் கதவைத் திறந்து, குழந்தையின் வாயில் மாட்டிய பொத்தானை எடுப்பதுபோல இரண்டு விரலை விட்டு, கசங்கிய தாள் ஒன்றை வெளியே இழுத்தார். விளக்கு பச்சையாக எரிந்தது.

"சார், இருபது வருஷம் இதோட குடும்பம் நடத்தியிருக்கேன். இவ ரிப்பேர் ஆகல. கோவிச்சுக்கிட்டு இருந்தா, அவ்வளவுதான்."

பதினாறு மாதத்துப் பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெதுவெதுப்பான அந்தக் கட்டை மடியில் வாங்கிக்கொண்டபோது, கணவனுடைய சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைப்பது ஏனோ அவள் நினைவுக்கு வந்தது.

*

எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் நிழல் இருந்தது. மூவரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காகிதங்கள் நடுவில் இருந்தவள் மடியில்.

ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். நாலு கருவி, நாலு வரி. காற்று, முகமூடி, விசில் என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சரி என்று ஒரு குறி. கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம், அப்புறம் கையெழுத்து.

அவள் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"இது அவர் கையெழுத்து."

"ஆமா. அவர் வேலைக்கு வந்த நாளெல்லாம் அவர்தான் சோதிச்சிருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா மெதுவாக. "இறந்த அன்னிக்குக் காலையிலயும்."

அந்தப் பக்கம் கடைசியில் எங்கோ இருந்தது. அவளே தேடி எடுத்தாள். நாலாம் நம்பர். அன்றைக்கு அவர் முதுகில் இருந்தது அதுதான். விசில்: சரி. பக்கத்தில் அவருடைய அவசரமில்லாத, உருண்டையான கையெழுத்து.

"அப்போ விசில் நல்லாத்தானே இருந்திருக்கு. அவரே பார்த்துப் போட்டிருக்காரே." குரல் அவளை விட்டுக் கீழே போய்க்கொண்டிருந்தது. "துறை சொன்னது சரிதானா? காதுல விழுந்தும் அவர்..."

ஒரு பேருந்து வந்து, இவர்கள் ஏறுவார்கள் என்று காத்திருந்து, சலித்துக்கொண்டு போனது.

ஜெராக்ஸுக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. தாள்களைப் புரட்டிக்கொண்டே வாய்க்குள் எதையோ முனகியவர் சட்டென்று மூக்கைச் சொறிந்தார்.

"மேடம், இந்த நாலாம் நம்பருக்கு மட்டும் அப்படி என்ன மேல்தட்டு வாழ்க்கை? மாசத்துக்கு அஞ்சு தடவை 'சுத்தம் செய்ய அனுப்பப்பட்டது'ன்னு போட்டிருக்கு. மத்த மூணும் வருஷத்துக்கே ரெண்டு தடவைதான். கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு குளிக்கமாட்டான்."

இன்ஸ்பெக்டரம்மா அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கினார். "தேதி வாசிங்க."

"மூணு. ஒம்பது. பதினஞ்சு. இருபத்தொண்ணு. இருபத்தேழு."

அவள் நாள்காட்டியை எடுக்கவே தேவையிருக்கவில்லை. ஆனாலும் எடுத்தாள். மூன்றாம் தேதியில் சிவப்பு வட்டம்: பாப்பாவுக்கு ஷூ. ஒன்பதில் சிவப்பு வட்டம். பதினைந்தில் வட்டம்: சும்மா இருக்கணும்.

"அவர் வீட்ல இருந்த நாள் எல்லாம்," என்றாள்.

"அவர் வேலைக்கு வந்த நாள்ல நாலாம் நம்பர் நல்லா இருக்கு. வராத நாள்ல மட்டும் குளிக்கப் போயிடுது," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கருவி பழுதுன்னு எழுதினா, வேற கருவி வர்றவரைக்கும் வண்டியை வெளியே எடுக்கக்கூடாது. சுத்தம்னு எழுதினா, பக்கத்து நிலையத்துல ஒரு நாளைக்கு இரவல் கொடுப்பாங்க. நாலாம் நம்பர் விசில் ஊதாதுன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பழுதுன்னு எழுதி வண்டியை நிறுத்த மனசு வரல. இன்னொருத்தன் முதுகுல மாட்டிவிடவும் மனசு வரல."

"அதனால..."

"அதனால தான் இருக்கிற நாளெல்லாம் அதைத் தானே மாட்டிக்கிட்டார். இல்லாத நாள்ல வேற யாரும் தொடக்கூடாதுன்னு வெளியே அனுப்பினார். அன்னிக்கு விசில் ஊதவே இல்லம்மா. அவர் காதுல எதுவுமே விழல."

அவள் அந்தச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தாள். ஓய்வு நாட்கள் என்று பதினான்கு மாதமாக அவள் நம்பியிருந்தவை. மாதத்தில் அந்த ஐந்து நாட்கள்தான் அவர் சாவை முதுகிலிருந்து இறக்கி வைத்த நாட்கள். அதைத் தெரியாமல் அவள் குழாயை ரிப்பேர் பண்ணச் சொல்லியிருக்கிறாள்.

"பாருங்க, சுத்தம்னு எழுதியிருக்கிற கை வேற," என்றார் ஜெராக்ஸ், இந்த முறை கிண்டல் இல்லாமல். "நிலைய அதிகாரியோடது. அவருக்கும் தெரியும்."

"இது போதும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பாதுகாப்பான கருவி கொடுக்கிறது நிர்வாகத்தோட கடமை. தொழிலாளி தெரிஞ்சே மாட்டிக்கிட்டாலும் அந்தக் கடமை அவன் தலைக்கு மாறிடாது. நாளைக்குக் காலையில இந்தத் தாளை மேஜையில வச்சா, அலட்சியம்ங்கிற சொல் போயிடும்."

"போய்?"

இன்ஸ்பெக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "பொய்யா சரின்னு போட்டார்ங்கிறதும் பதிவாகும். நூத்துக்கணக்கான கையெழுத்து. அதை மறைச்சுட்டு இதை மட்டும் கொடுக்க முடியாது."

அவள் தாள்களை ஓரம் பார்த்து அடுக்கினாள். இரண்டு முறை தட்டி நேராக்கினாள்.

"வேண்டாம்மா."

"தங்கச்சி..."

"வேண்டாம்ணே. அலட்சியம்னு எழுதிட்டுப் போகட்டும். பொய்யன்னு எழுத வேண்டாம். பாப்பா நாளைக்கு வளர்ந்து படிக்கும். அவர் போயிட்டார். இனிமே யார் என்ன எழுதினா யாருக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் எழுந்துவிட்டாள். நாள்காட்டியைப் பைக்குள் திணித்தபோது கடைசி ஏடு மடங்கியது. இந்த மாதம். அதில் சிவப்பு வட்டங்கள் இல்லை. பாப்பா ஒட்டிய தங்க நிற நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. மாமா வீட்டுக்கு வந்து சைக்கிள் ஓட்டக் கற்றுத்தரும் நாட்கள். மச்சினனுக்கு லீவு நாட்கள்.

ஜெராக்ஸ் தன் கையிலிருந்த கடைசித் தாள்களை இன்னும் விடவில்லை. "மேடம். அவர் போன பிறகு நாலாம் நம்பரை எடுத்துட்டு வேற ஒண்ணு வச்சிருக்காங்க. இப்ப ரெண்டாம் நம்பர் குளிக்க ஆரம்பிச்சிருக்கு."

"எந்தத் தேதி?" என்று கேட்டது அவள்தான்.

"இந்த மாசம் நாலு. பத்து. பதினாறு."

நாலில் நட்சத்திரம். பத்தில் நட்சத்திரம். பதினாறில் இரண்டு நட்சத்திரம். அன்றைக்கு முதல்முறையாக விழாமல் ஓட்டிவிட்டேன் என்று பாப்பா குதித்தது.

அவள் தாளை வாங்கினாள். மற்ற நாட்களில், விசில்: சரி. பக்கத்தில் இருந்த கையெழுத்தை அவளால் இருட்டில் தடவிக்கூடச் சொல்லிவிட முடியும். அந்தக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியதே அவள்தான்.

இன்றைய தேதியில் நட்சத்திரம் இல்லை.

செருப்பின் வார் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் அவள் சாலையைக் கடந்தாள்.

*

"யார்டா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

மச்சினன் வண்டியின் பக்கவாட்டு அறைக்கு முன்னால் நின்றிருந்தான். அதற்குள் நாலு கருவிகளும் வரிசையாகத் தொங்கின. அவள் கேட்டது எதைப் பற்றி என்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மச்சான்தான்." தரையைப் பார்த்துச் சொன்னான். "கெட்டுப்போனதுன்னு தெரிஞ்சவன் மாட்டினா, நிமிஷத்தை எண்ணிக்கிட்டே போவான்க்கா. தெரியாதவன் மாட்டினா, விசிலுக்காகக் காத்துக்கிட்டே இருப்பான். அதனால தெரிஞ்சவன்தான் மாட்டணும்னு சொல்லுவாரு."

"எண்ணிக்கிட்டே போனவர் எங்கடா?"

"உள்ளே யாரோ கத்துற மாதிரி சத்தம் கேட்டுச்சு. எங்களுக்கும் கேட்டுச்சு. அதைத் தேடிப் போனாரு. எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும். கடைசியில பார்த்தா ஆளே இல்லக்கா. சூட்டுல தகரம் போட்ட சத்தம்."

அதிகாரி படியில் வந்து நின்றிருந்தார். "மூணு தடவை எழுதினேன்மா, புதுக் கருவி வேணும்னு. பதிலே இல்ல. மாசத்துல நாலு நாள் வண்டி நின்னா நிலையத்தையே மூடிடுவாங்க. இந்தப் பக்கம் அஞ்சு பள்ளிக்கூடம் இருக்கு. நான் என்ன பண்றது?"

"பழுதுன்னு எழுதுங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "முந்தியே எழுதியிருக்கணும். இப்பவாவது எழுதுங்க." பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "தம்பி, இதை மாட்டமாட்டேன்னு சொல்ல உனக்குச் சட்டப்படி உரிமை இருக்கு. சொன்னதுக்காக உன் வேலையில ஒருத்தரும் கை வைக்க முடியாது."

"தீயைக் கண்டு பயந்துட்டான்னு சொல்லுவாங்கம்மா."

"தீ உன் வேலையோட ஆபத்து. அதுக்குத்தான் வந்தே. ஊதாத விசில் நிர்வாகம் வச்ச ஆபத்து. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டி முதுகுல தூக்காதே."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மணி அடித்தது.

சுவரே அதிர்கிற மணி. மேலேயிருந்து மூன்று பேர் கம்பியில் வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒலிபெருக்கி ஏதோ தெருவையும் வீட்டு எண்ணையும் கரகரத்தது. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து இயந்திரத்தை முடுக்கினார். இவ்வளவு நேரம் தலைகுனிந்து நின்ற பையன் ஒரு நொடியில் வேறு ஆளாகிப்போனான். கை தானாக இரண்டாம் நம்பரின் வாரை எட்டியது.

வாரின் மறுபக்கத்தை அவள் பிடித்திருந்தாள்.

"அக்கா, விடு."

"மாட்டேன்."

"அக்கா! யார் வீடோ எரியுதுக்கா!"

"எரியட்டும்டா."

அப்படி ஒரு சொல் தன் வாயிலிருந்து வரும் என்று அவள் நினைத்ததில்லை. பதினொரு வருடம் ஒரு தீயணைப்பு வீரரின் மனைவியாக இருந்தவள். மணி அடித்தால், சோறு போட்ட தட்டைத் தானே விலக்கிவைத்து, போயிட்டு வாங்க என்று சொன்னவள். இறங்கிவந்த மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். யாரும் அவளை இழுக்கவில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

மச்சினனின் விரல்கள் ஒவ்வொன்றாக வாரை விட்டன. "நான் இதை மாட்டமாட்டேன் சார்," என்றான் அதிகாரியிடம். பாதிதான் சத்தம் வந்தது.

அதிகாரி தொலைபேசியை எடுத்தார். "எங்க வண்டி வராது. மூச்சுக் கருவி பழுது. பக்கத்து நிலையத்தை அனுப்புங்க." ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு வந்த நிமிடங்கள் நீளமானவை. வெகுநேரம் கழித்து வேறொரு சைரன் தூரத்தில் கிளம்பி, நெருங்கி, வாசலைத் தாண்டி ஓடியது. அந்தச் சிவப்பு வண்டி பறந்ததைத் தீயணைப்பு வீரர்கள் ஐந்து பேரும் நின்று பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி ஏன் கழற்றினோம் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா புகார்த் தாளை நீட்டினார். "இது போனா சாயங்காலத்துக்குள்ள தடை உத்தரவு வந்துடும். இங்க மட்டும் இல்ல, இதே கருவி இருக்கிற எல்லா நிலையத்துக்கும். கூட எல்லாப் பக்கத்தையும் இணைக்கணும்." நிறுத்தினார். "எல்லாப் பக்கத்தையும்மா."

அவள் வண்டியின் சக்கர மூடிமேல் தாளை வைத்தாள். இறந்தவருக்கு உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஜெராக்ஸ் அவள் கணவனின் நூற்றுக்கணக்கான கையெழுத்துகளை அதனோடு சேர்த்துக் கட்டினார். வழக்கமாக அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை சொல்வார். சொல்லவில்லை.

மச்சினன் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டான். சாவு வீட்டிலும் அழாதவன், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்தாள். முதுகில் எதுவும் இல்லை. வெறும் சட்டை. வியர்வை.

"பயமா இருந்துச்சுக்கா," என்றான். "தினமும். மணி அடிச்சாலே பயமா இருந்துச்சு."

"தெரியும்டா."

அவளுக்குத் தெரியாது. பதினான்கு மாதம் அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, அவள் சொன்ன வேலைக்கெல்லாம் சரி என்று தலையாட்டி, காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு கிளம்பிப் போனவர், இந்த ஒரு வார்த்தையை ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.